உயிரோடிருந்தவனுக்கு வைத்த ஒப்பாரி

காசிமாலி செத்து நாற்பத்துமூன்று வருஷமாகிறது, அவருடைய வாரிசுகள் யாராவது ஊரில் இருக்கிறார்களா என்று தலைநகரத்து வானொலி நிலையத்திலிருந்து ஊராட்சி அலுவலகத்துக்கு போன் வந்தபோது, காசிமாலி அந்த அலுவலகத்துக்கு நேர் எதிரே, தன் வீட்டு வாசலில், பசுவின் தொடையில் காய்ந்து அப்பியிருந்த சாணியைக் கத்தியின் முனையால் சுரண்டிக்கொண்டிருந்தார். போனை எடுத்த எழுத்தர் பெண் சன்னல் வழியாக அவரைப் பார்த்துக்கொண்டே, "செத்தவர் இப்ப வேலையா இருக்காரு. முடிஞ்சதும் பேசச் சொல்லவா?" என்று கேட்டாள்.

விஷயம் இதுதான். பல தேசத்துக் கிராமப் பாட்டுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பு வெளிவரப் போகிறது. அதற்காக நிலையத்தின் கீழறையில் கிடந்த பழைய ஒலிநாடாக்களை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டு வருகிறார்கள். அதில் ஒரு நாடாவின் பெட்டி மேல், இடையன் காசிமாலி இறந்ததற்கு அவன் மனைவி வைத்த ஒப்பாரி என்று எழுதி, ஊரும் வருஷமும் குறித்திருக்கிறது. குடும்பத்தார் சம்மதித்தால் அதையும் தொகுப்பில் சேர்க்கலாம் என்று நினைக்கிறார்கள். எழுத்தர் பெண் ரோட்டைத் தாண்டி வந்து, பசுவுக்கு அந்தப் பக்கம் நின்று இதையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். சொல்லி முடித்துச் சிரித்தாள். காசிமாலி சிரிக்கவில்லை. கத்தியைக் காற்சட்டையில் துடைத்து மடக்கினார்.

"அதுல இருக்கறது அவ குரல்தானா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கதை ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவருக்குக் கல்யாணமாகி இரண்டாவது குளிர்காலம். அரசுப் பண்ணை ஆடுகளை ஓட்டிக்கொண்டு அக்சாய் மலைப்பக்கத்துப் பட்டிக்குப் போயிருந்தார். பெரும்பனி இறங்கியது. பனி விலகியதும் தேடிப் போனவர்களுக்குச் சரிவின் அடியில் அவருடைய குதிரையும், சேணத்தில் கட்டியிருந்த அவருடைய ஆட்டுத்தோல் அங்கியும் கிடைத்தன. ஆள் கிடைக்கவில்லை. அந்தக் குளிரில் அங்கியில்லாத ஆளைத் தேட வேண்டியதில்லை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஊரில் துக்கக் கூடாரம் எழுப்பினார்கள். அங்கியைச் சுவரில் மாட்டி, அதன் முன்னால் குமுஷாயை உட்கார வைத்தார்கள். வழக்கப்படி வந்தவர்களுக்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து, நாற்பது நாளும் அவள் ஒப்பாரி வைத்தாள்.

காசிமாலியோ பனியில் வழி தவறி, கணவாய்க்கு அந்தப் பக்கம், கால் ஒடிந்து, முன்பின் தெரியாத ஒரு இடையர் குடும்பத்தின் அடுப்போரம் படுத்திருந்தார். கணவாய் திறந்தபின் இரவல் குதிரையில், காலுக்குக் கட்டையை வைத்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அதற்குள் அவருக்கு நாற்பதாம் நாள் விருந்தும் முடிந்திருந்தது.

"உன் காரியத்துக்கு அடிச்ச குதிரைக் கறி இன்னும் என் பல்லிடுக்குல இருக்குடா," என்பான் தொலோமுஷ். அவன் காசிமாலியின் ஒத்த வயதுக்காரன். ஒரே வருஷம் பிறந்தவர்கள் ஒருவரையொருவர் எதையும் சொல்லலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த உரிமையைத் தொலோமுஷ் ஒருநாளும் வீணாக்கியதில்லை. "அவ்வளவு கொழுப்பு வச்ச குதிரை. தின்னவங்க ஒருத்தர்கிட்டயாவது வந்து மன்னிப்புக் கேட்டியா நீ?"

ஆனால் ஒன்று மட்டும் ஊரில் யாரும் சொன்னதில்லை. குமுஷாய் என்ன பாடினாள் என்பதை. காசிமாலி உயிரோடு வந்து இறங்கிய அன்றைக்கே அவருடைய தாய் கூடாரத்தைப் பிரிக்கச் சொன்னாள். அதற்குள் இருந்த பெண்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு, ரொட்டியின் மேல் கை வைக்கச் சொல்லி, உள்ளே கேட்டதை வெளியே விடமாட்டோம் என்று சத்தியம் வாங்கினாள். உயிரோடிருப்பவனுக்கு வைத்த ஒப்பாரியைத் திரும்பச் சொல்வது அவனுக்குத் தைத்த கோடித்துணியை எடுத்துப் போர்த்திப் பார்ப்பது மாதிரி, சகுனம் கெட்டது. அதனால்தான் அம்மா அப்படிச் செய்தாள் என்று காசிமாலி எடுத்துக்கொண்டார். ரொட்டி மேல் செய்த சத்தியத்தை யாரும் மீறவில்லை. ஒவ்வொருத்தியாக அதைத் தன்னோடு மண்ணுக்குள் எடுத்துக்கொண்டு போனாள்.

குமுஷாயிடமே ஒரு தரம் கேட்டிருக்கிறார். மகள் பிறந்து கொஞ்ச நாளுக்கப்புறம், நல்ல வெயில் அடித்த ஒரு காலையில், இவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவள் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல், "செத்தப்புறம் தெரிஞ்சுக்கலாம். இப்ப டீ ஆறுது," என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவள் அப்படித்தான். பேச்சு குறைவு. உள்ள பேச்சும் ஆட்டைப் பற்றி, விறகைப் பற்றி, அவருடைய சகதிக் கால்களைப் பற்றி. மற்றவர் வீட்டுத் துக்கத்துக்குப் போனால் அவளும் சுவரைப் பார்த்து உட்காருவாள், ஆனால் வாய் திறக்க மாட்டாள். கல்நெஞ்சுக்காரி என்று சிலர் சொன்னார்கள். தன்னுடைய ஒப்பாரி பொய்யாகிப் போனதில் அவளுக்கு வெட்கம் என்று சிலர் சொன்னார்கள். ஒரு சமயம், ஆற்றில் மகனைப் பறிகொடுத்த ஒருத்தி வந்து அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, நீ ஒப்பாரி வைத்த ஆள் திரும்பி வந்தானே, என் பிள்ளைக்கும் ஒரு தடவை வையேன் என்று கெஞ்சினாள். குமுஷாய் போனாள். அன்றைக்கு மட்டும் பாடினாள் என்று கேள்வி. பையன் வரவில்லை. அதற்குப் பிறகு துக்க வீடுகளில் அவளை யாரும் பாடச் சொல்லவில்லை.

அவள் போய் இரண்டு வருஷமாகிறது. மகள் ரஷ்யாவில் ஏதோ ஒரு ஊரில் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். விமானம் பிடித்து வருவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. அவளுக்கு ஒப்பாரியும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் சம்பிரதாயத்துக்கு நாலு வரி சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆண்கள் வழக்கப்படி வாசலில் கோலூன்றிச் சாய்ந்து நின்று காசிமாலியும் அழுதார். ஆனால் உள்ளே இருந்து பதில் குரல் வராதபோது வாசலில் அழுகிறவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. யாரோ தோளைத் தொட்டதும் நிறுத்தினார்.

அதற்கப்புறம் வீட்டில் சத்தமென்று இருந்தது பசுவுடையதும் அடுப்புடையதும்தான். வெள்ளிக்கிழமைதோறும் அவளுக்காக எண்ணெய் காயவைத்து மாவுத் துண்டுகளைப் பொரித்து வாசம் எழுப்புவார்; அந்த வாசம் செத்தவர்களுக்குப் போய்ச் சேரும் என்பது ஊர் நம்பிக்கை. மாவு பிசையும் பக்குவம் அவருக்குக் கைவரவில்லை. சில வாரம் கல்லாக இருக்கும், சில வாரம் எண்ணெய் குடித்துத் தொங்கும். பொரித்ததை அக்கம்பக்கத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அவர்கள் வாங்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போவார்கள்.

ஆக, இப்போது அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். உலகத்துத் தொகுப்பில் அவள் குரல் வருவதோ வராததோ அவருக்குப் பெரிதில்லை. தன்னைப் பற்றி அவள் என்ன சொன்னாள் என்று தெரிய வேண்டும். செத்தப்புறம் என்று அவள் தவணை சொன்னாள். சாவில் அவளே முந்திக்கொண்டாள். இனி அவருக்கு ஒப்பாரி வைக்க யாரும் இல்லை. அவருக்கென்று உள்ள ஒரே ஒப்பாரி அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

தொலோமுஷ் மட்டும் குறுக்கே விழுந்தான். தன் ஒப்பாரியைத் தன் காதால் கேட்டவன் அடுத்த புல் முளைப்பதைப் பார்க்க மாட்டான், போகாதே என்றான். அப்படி யார் செத்திருக்கிறார்கள் சொல் என்று காசிமாலி கேட்டார். உயிரோடு ஒப்பாரி வாங்கிக்கொண்ட இரண்டாவது ஆள் இந்த மலையில் எங்கே இருக்கிறான், கணக்குக் காட்ட, என்று அவன் திருப்பிக் கேட்டான். பிறகு வழக்கமான கேலியை விட்டுவிட்டு, குரலை இறக்கி, "நீயும் போயிட்டா நான் எவன்கிட்டடா சண்டை போடுவேன்," என்றான். காசிமாலி பசுவை அவனிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்.

என்ன உடுத்துவது என்பதில் கொஞ்சம் குழப்பம் இருந்தது. துக்க வீட்டுக்குப் போகிற மாதிரியா, ஆபீசுக்குப் போகிற மாதிரியா? கடைசியில் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கம்பளித் தொப்பியும். வெறுங்கையோடு போவது சரியில்லை என்று தோன்றியதால், அந்த வெள்ளிக்கிழமை பொரித்ததில் உருப்படியாக வந்தவற்றைப் பொறுக்கி ஒரு துணிப்பையில் கட்டிக்கொண்டார்.

வானொலி நிலையத்தில் அவரை வரவேற்றவள் எல்மிரா. நாற்பதைத் தாண்டியவள், மூக்குக் கண்ணாடி, சளிபிடித்த குரல். கீழறையில் நாடாப் பெட்டிகள் விட்டம்வரை அடுக்கியிருந்தன. பழைய காகிதமும் காடியும் கலந்த மாதிரி ஒரு புளித்த வாடை. அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, நீங்கள் காசிமாலிக்கு என்ன உறவு, தம்பியா என்று கேட்டாள். போனில் எழுத்தர் பெண் சொன்னதை அவள் நம்பவில்லை என்பது தெரிந்தது.

"நான்தாம்மா அது," என்றார் காசிமாலி. அடையாள அட்டையையும் எடுத்து நீட்டினார்.

எல்மிரா அட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பெட்டி மேல் எழுதியிருந்ததைப் பார்த்தாள். "பெரியப்பா, நான் இங்க வேலைக்கு வந்து இருபது வருஷமாச்சு. செத்தவங்க குரலைக் கேட்டுக் கேட்டுப் பழக்கம். பாட்டுல செத்தவர் நடந்து வந்து உட்கார்றது இதுதான் முதல் தடவை," என்றாள். துணிப்பையை வாங்கிக்கொண்டு, ஒரு துண்டை எடுத்து அவர் எதிரிலேயே கடித்தாள். கல்லாகத்தான் இருந்தது. ஆனாலும் மென்று விழுங்கினாள். அதற்காகவே அவளை அவருக்குப் பிடித்துப்போனது.

அவர் பெரும்பனியில் மாட்டியதையும் திரும்பி வந்ததையும் சுருக்கமாகச் சொன்னார். அவள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். பாட்டுச் சேகரிக்கக் கிளம்பிய மூன்று பேர் அந்தப் பனியில் அரசுப் பண்ணை விடுதியில் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்தில் துக்கக் கூடாரம் என்று தெரிந்ததும், மாமியாரிடம் அனுமதி கேட்டு, சூட்கேஸ் அளவு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்கள். பாதை திறந்ததும் கிளம்பிவிட்டார்கள். செத்தவர் திரும்பி வந்தது அவர்களுக்குத் தெரியாது. நாடாவில் குரல் கொஞ்சம் மங்கலாக இருக்கும், மைக்கை அந்தப் பெண்ணின் முதுகுப் பக்கம் வைத்துவிட்டார்கள் என்று எல்மிரா வருத்தப்பட்டாள்.

"வேற எங்க வைப்பாங்க? சுவத்துக்கும் அவளுக்கும் நடுவுல உட்கார முடியுமா," என்றார் காசிமாலி.

ஹெட்போனை அவள் மாட்டிவிட்டாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

முதலில் அடுப்பு கேட்டது. பச்சை விறகு, வெடிக்கிறது. பிறகு ஒரு இருமல். அம்மா. கூடாரத்துக்கு வெளியே அவருடைய மஞ்சள் நாய் ஒருமுறை குரைத்து, யாரோ அதட்டி, அடங்கியது. அதெல்லாம் முடிந்த பிறகுதான் குமுஷாய் தொடங்கினாள். அவளுடைய குரல் என்று அவருக்கு உடனே பிடிபடவில்லை. அவர் கடைசியாகக் கேட்ட குரல் கரகரத்துக் கிடந்தது. இது இளசு, தண்ணீர் மாதிரி.

*வெள்ளை ராஜாளி பறந்துபோச்சே,
வேட்டைக்காரன் கை வெறுங்கையாச்சே.
ஆயிரம் குதிரை மந்தைக்கு முன்னே
அழகுக் கடிவாளம் மின்ன வந்த துரையே.*

காசிமாலி காத்திருந்தார். ராஜாளி போனது, அடுத்து சிங்கம் வந்தது. சாயாத மலை சாய்ந்தது. நிழல் கொடுத்த மரம் விழுந்தது. எல்லாம் அவருக்குத் தெரிந்த வரிகள். பண்ணைத் தலைவர் செத்தபோது கேட்டது, கடைக்காரன் செத்தபோது கேட்டது, குடித்துவிட்டு லாரியில் விழுந்தவனுக்குக்கூட இதே ராஜாளிதான் பறந்தது. நன்றாகத்தான் பாடினாள், இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, உடைய வேண்டிய இடத்தில் உடைந்து. ஆனால் இதில் அவர் எங்கே இருக்கிறார்? நாற்பத்துமூன்று வருஷம் மூடி வைத்தது இதைத்தானா?

*வெள்ளிச் சேணம் போட்ட வெண்குதிரை
வீட்டு வாசலில் கனைச்சு நிக்குதே…*

"எங்க வெண்குதிரை?" என்றார் காசிமாலி. ஹெட்போன் மாட்டியிருந்ததால் தன் சத்தம் தனக்கே தெரியவில்லை, கத்தினார். "பண்ணையோட செவலை அது. முழங்கால் வேற வீங்கியிருந்துச்சு."

அடுத்த அறையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

பாட்டுக்கிடையே பின்னாலிருந்து கிழவிகள் எடுத்துக் கொடுத்தார்கள். புதுப்பெண்ணல்லவா, வரி மறந்து நின்றால் எடுத்துக் கொடுப்பது வழக்கம். அவன் வீரத்தைச் சொல்லு என்றாள் ஒருத்தி, குமுஷாய் சொன்னாள். அவன் வைத்த விருந்தைச் சொல்லு என்றாள் இன்னொருத்தி. "என்ன விருந்து, எங்கிட்ட என்ன இருந்துச்சு," என்று முனகினார் காசிமாலி. அதையும் குமுஷாய் சொன்னாள். ஊரே வந்து தின்றதாகச் சொன்னாள். அவன் கொடையைச் சொல்லு என்றது அம்மாவின் குரல்.

குமுஷாய் பதில் சொல்லவில்லை.

அடுப்பு வெடித்தது. சொல்லும்மா என்றாள் ஒருத்தி. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நாடா சுற்றிக்கொண்டே இருந்தது. காசிமாலிக்கு நாடா அறுந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்து எல்மிராவைத் திரும்பிப் பார்த்தார். அவள் கையைக் காட்டி, இருங்கள் என்றாள்.

"காசிமாலி," என்றாள் குமுஷாய்.

அதில் ராகமில்லை, அழுகையுமில்லை. ஆட்டுப் பட்டிக்குப் போன ஆளை வாசலில் நின்று சாப்பிடக் கூப்பிடுவது போல, வந்துவிடுவான் என்கிற தைரியத்தில் கூப்பிடுவது போல.

மருமகளாக வந்தவள் புருஷன் பேரை வாயால் சொல்வது அந்த ஊரில் யாரும் கேட்டறியாதது, செத்த புருஷனானாலும் சரி. அதுவும் மாமியாருக்கு முன்னால், வெளியூர் ஆட்கள் இயந்திரத்தோடு உட்கார்ந்திருக்கும்போது. அம்மாவின் குரல்தான் முதலில் எழுந்தது. "வாயைப் பொத்துங்கடி அவளை."

"காசிமாலி," என்றாள் அவள் மறுபடி, இன்னும் கொஞ்சம் உரக்க. அங்கியைப் பார்த்துச் சொல்லவில்லை என்பது அந்தக் குரலில் தெரிந்தது. திரும்பியிருக்கிறாள். சுவரை விட்டுவிட்டு, முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பி, வெளியே பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள். அந்த ஒரு சொல் மட்டும் மங்கலில்லாமல், மைக்குக்கு நேராக விழுந்திருந்தது.

அடுத்த கணம் பெண்கள் அத்தனை பேரும் ஒன்றாகக் குரலெடுத்து அழத் தொடங்கினார்கள். அவள் குரலை மூடவே அழுதார்கள். அந்தச் சத்தம் கொஞ்ச தூரம் ஓடியது, பிறகு ஒரு டக் என்ற ஒலியோடு நின்றது.

காசிமாலி ஹெட்போனைக் கழற்றவில்லை. காதுக்குள் ஒன்றும் இல்லாத ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ரொட்டியை எடுத்து வைத்தது சகுனத்துக்குப் பயந்தல்ல என்று இப்போது தெரிந்தது. அவர் இரவல் குதிரையில் வந்து இறங்கியபோது குமுஷாய் கூடாரத்தின் பின்பக்கம் போய் நின்றுகொண்டாள். பல நாள் முகத்தைக் காட்டவில்லை. வீணாக அழுதுவிட்டோமே என்று கூச்சப்படுகிறாள் என அவர் நினைத்திருந்தார். சில சமயம், தான் திரும்பி வந்ததை அவள் சரியாகக் கவனித்தாளா என்றே அவருக்குச் சந்தேகம் வந்ததுண்டு. அதற்கப்புறம் ஒரு ஆயுள் முழுக்க அவர் அவளுக்கு 'இந்தாங்க', மகள் பிறந்த பிறகு 'இவ அப்பா', கோபம் வந்தால் வெறும் பாத்திரச் சத்தம். கூப்பிட வேண்டியதை ஒரே நாளில் கூப்பிட்டு முடித்துவிட்டாள். கூப்பிட்ட அன்றைக்கு அவர் கணவாய்க்கு அந்தப் பக்கம் யாருடைய அடுப்போரத்திலோ தூங்கிக்கொண்டிருந்தார்.

எல்மிரா மெதுவாக ஹெட்போனை எடுத்தாள். அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம்மா," என்றார். "ரெண்டு தடவை கூப்பிட்டா. இன்னும் கேட்டா பழகிப்போயிடும்."

ஒரு சின்னக் குச்சி மாதிரி ஒன்றில் பதிந்து கொடுக்கிறேன், ஊரில் யாருடைய போனிலாவது போட்டுக் கேட்கலாம் என்றாள். அதையும் வேண்டாமென்றார். தொகுப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. மூன்று நிமிஷம்தான் எடுப்போம், தொடக்கத்தில் வரும் ராஜாளிப் பகுதி ரொம்பச் சுத்தமாக இருக்கிறது, கடைசியில் எல்லாரும் சேர்ந்து கத்துவது சேராது என்று எல்மிரா தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் வருத்தப்படுவார் என்று நினைத்திருக்க வேண்டும். காசிமாலிக்கோ அதைக் கேட்டு நிம்மதியாக இருந்தது.

"ராஜாளியை எல்லாரும் கேட்கட்டும். அவ நல்லாத்தான் பாடியிருக்கா," என்றார். "அந்தக் கடைசி எங்க இருக்கும்?"

இங்கேயேதான், இந்தப் பெட்டியில். அதைக் கேட்டு யாரும் வருவதில்லை என்றாள்.

"அப்ப சரி."

எல்மிரா கணினியில் தட்டெழுதத் தொடங்கினாள். பாடியவர் பெயர் என்ற இடத்தில் வெறுமனே மனைவி என்றிருந்தது. அவர் சொன்னார், அவள் எழுதிக்கொண்டாள். பிறகு, இறந்ததற்கு என்றிருப்பதைத் திருத்திவிடலாம், இறந்ததாக நம்பப்பட்டவருக்கு என்று மாற்றலாம் என்றாள்.

காசிமாலி தொப்பியின் விளிம்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். "விட்டுடும்மா. எழுதினது எழுதினபடி இருக்கட்டும். அன்னிக்கு அவளுக்கு நான் செத்துத்தான் போயிருந்தேன். இப்ப நீ மாத்தினா, அவ ஏதோ நாடகம் போட்ட மாதிரி ஆயிடும்."

எல்மிரா விரலை எடுத்துவிட்டாள். படியேறி வாசல்வரை வந்து வழியனுப்பினாள். கோட்டின் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

மேற்குப் பேருந்து நிலையத்தில் ஊர்ப்பக்கம், நாரின் போகிற பங்கு டாக்சிகள் நின்றிருந்தன. முன்சீட்டு காலியாக இருந்த ஒன்றில் ஏறினார். பின்னால் சந்தைச் சாமான்களோடு ஒரு புருஷனும் பெண்டாட்டியும், சன்னலில் தலை சாய்த்த ஒரு கல்லூரிப் பெண். டிரைவர் சின்ன வயது. காதில் இரையும்படி ரேடியோவை வைத்திருந்தான். பூம் பள்ளத்தாக்கு நெருங்க நெருங்க வெயில் மலையின் மேல்பாதிக்கு ஏறிக்கொண்டது. ஆறு பக்கத்திலேயே வந்தது. பின்னால் அந்தப் புருஷன் தேநீர்க் குடுவையைத் திறந்து பெண்டாட்டிக்கு ஊற்றிக் கொடுத்தான். சூடு என்று அவள் கோபித்துக்கொண்டாள்.

டிரைவர் சும்மா இருக்க முடியாதவன். அவர் கோட்டையும் தொப்பியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நகரத்தில் பேரன் பேத்தியைப் பார்த்துவிட்டு வருகிறாரா என்று விசாரித்தான். இல்லை என்றார். ஆஸ்பத்திரியா என்றான்.

"துக்க வீட்டுக்குப் போயிட்டு வரேன் தம்பி."

டிரைவர் கையை நீட்டி ரேடியோவை நிறுத்தினான். "யாரு தாத்தா? பெரியவங்களா?"

"இல்ல. சின்ன வயசு. ஒரு இடையன். பனியில போயிட்டான்."

பாவம் என்றாள் பின்சீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவள். குழந்தைகள் உண்டா என்று கேட்டாள். அப்போது இல்லை என்றார் காசிமாலி. அந்த 'அப்போது' யார் காதிலும் உறுத்தவில்லை.

"பொண்டாட்டி?" என்றான் டிரைவர்.

"இருந்தா."

"ஒப்பாரி நல்லா வச்சாங்களா?"

போகிற இடத்தில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். துக்க வீட்டிலிருந்து வருகிறவனிடம் அதைக் கேட்காமல் இருப்பதுதான் மரியாதைக் குறைவு. காசிமாலி ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். எதிரே ஒரு லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து கடந்து போனது.

"நல்லா வச்சா," என்றார். "பேரைச் சொல்லிக் கூப்பிட்டா."

டிரைவர் ஒரு கணம் அவரைத் திரும்பிப் பார்த்தான். இறந்தவருக்கு நல்ல இடம் கிடைக்கட்டும் என்று சொல்லி, ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மறு கையால் முகத்தைத் தடவி இறக்கினான். பின்சீட்டில் மூன்று பேரும் இரு உள்ளங்கைகளையும் முகத்தின் மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டார்கள். யாரென்று தெரியாத ஒரு இடையனுக்காக. காசிமாலியும் தொப்பியை நேராக்கிக்கொண்டு, கைகளை விரித்து, எல்லோருக்கும் பின்னால் தன் முகத்தைத் தடவி இறக்கினார்.

வழியில் கோச்கோர் ஊர் வரும்வரை அந்தப் பையன் ரேடியோவைத் திரும்பப் போடவில்லை.